பீப்பாயில் ஓடிய மோட்டார்

"பெட்ரோல்ல எண்ணெயைக் கம்மியா ஊத்தியே ஓட்டியிருக்காங்க," என்றார் மெக்கானிக். "பிஸ்டன்ல கீறல் விழுந்திருக்கு. இது படகுல மாட்டுற மோட்டார் இல்லக்கா, காயலாங்கடைக்குப் போறது."

"அப்படி இருக்காதே. எங்க வீட்டுக்காரரு அளவு பாத்துத்தான் கலப்பாரு," என்றாள் மோட்டாரை விற்பவள்.

"பாத்திருப்பாரு. பாத்துட்டு மிச்சம் புடிச்சிருப்பாரு."

வாங்க வந்தவன் பேசாமல் நின்றான். அவனுக்குக் கொடுத்த வேலையே அதுதான். மெக்கானிக் அவன் மனைவியின் அண்ணன். வழியிலேயே பாடம் சொல்லி அழைத்து வந்திருந்தார். "என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத மாப்ள. குறை சொல்றது நான். நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நில்லு, அது உனக்குத் தானா வரும்."

வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில், தண்ணீர் நிரப்பிய பீப்பாயின் விளிம்பில் மோட்டாரை மாட்டியிருந்தார்கள். சற்று முன் கயிற்றை இரண்டாம் முறை இழுத்ததுமே ஓடத் தொடங்கியது. நீலப் புகை கூரைவரை எழுந்தது. ஓட்டிப் பார்த்த பிறகு மச்சான் கழற்றிய ஸ்பார்க் பிளக்கை அவனும் பார்த்தான். முனை காய்ந்து, தேநீர் நிறத்தில் இருந்தது. பெட்ரோலில் எண்ணெயைச் சரியாகக் கலந்தவனின் பிளக் அப்படித்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் உழைத்த மோட்டாரில் பொட்டுத் துரு இல்லை. திருகாணிகளுக்குக்கூட கிரீஸ் தடவியிருந்தது. துடுப்புப் போட்டே தோள் இறங்கிப்போனவன் அவன். மோட்டாரின் மேல் மனசு அடித்துக்கொண்டது. அதனாலேயே வாய் திறக்கவில்லை.

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. மச்சான் கேட்ட பாதி விலைக்குத் தலையை ஆட்டினாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து மோட்டாரைத் தூக்கியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. குழறிய குரல் ஒன்று என்னவோ கேட்டது. உள்ளே போனவள் திரும்பி வந்து கதவுத்திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன மழையில கை கால் விழுந்திருச்சு. காது மட்டும் நல்லாக் கேக்கும். நீங்க பேசுனதை எல்லாம் கேட்டிருக்காரு. நானே மோட்டாரைக் கெடுத்து வச்சுட்டேனா, உனக்குன்னு இருந்ததும் போச்சான்னு அழுவுறாரு."

மச்சான் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். அவன் மோட்டாரைக் கீழே வைக்கத் தோன்றாமல் கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தான். உண்மையைச் சொன்னால் பேசி முடித்த விலை கைநழுவும், மச்சான் முகத்தில் கரி பூசியதாகும், வீட்டில் மனைவியிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போனால், உள்ளே கிடப்பவர் கூரையைப் பார்த்தபடி, அந்த எண்ணெயை மனசுக்குள் திரும்பத் திரும்ப அளந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்.

அவள் திரையை விலக்கினாள்.

"ஓட்டப்போறவரு நீங்கதானே தம்பி. நீங்க சொன்னா நம்புவாரு. உள்ள வந்து, எண்ணெய் சரியாத்தான் கலந்திருக்கு, மோட்டார் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. பொய்யின்னு எனக்குத் தெரியும். பரவால்ல. அவருக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லுங்க தம்பி."