கப்பல் கதை

அம்மாவின் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. சீப்பு பாதி வழியில் இருக்கும்போது தம்பியின் போன் அலறியது. உருப்படாத போன். ஸ்பீக்கரில் போட்டால்தான் எதிர்முனையில் பேசுவது கேட்கும். வெளியே போய்ப் பேசலாமென்றால் வாசல், மாடிப்படி எல்லாம் சொந்தக்காரர்கள்.

"பேக்கரியிலேர்ந்து பேசறேன். நீங்க செஞ்சு காட்டின வேலை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. உங்களத்தான் எடுக்கப்போறோம்" என்றது ஒரு பெண்குரல். "கடைசியா ஒண்ணு. இத நாங்க முன்னாடியே கேக்கறதில்ல. கேட்டா ஆள விட்டுட்டு கேஸத்தான் பாப்போம். ஜெயில்ல இருந்திருக்கீங்களா? இருந்தாலும் உக்காந்து பேசிக்கலாம். மறைச்சாத்தான் கஷ்டம்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் போன் பக்கம் திரும்பினார்கள்.

இதுவரை அவன் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் முதல் கேள்வியே இதுதான். ஆமாம் என்றதும் கதை முடிந்துவிடும். ஆனால் சொந்தக்காரர்களுக்கு அவன் கப்பல் வேலைக்குப் போய் வந்தவன். அது அம்மா கட்டிவிட்ட கதை. யாராவது துருவிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து அம்மா ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, ஒருத்தரையும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும், "யாருக்கும் சொல்லிடாதடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். இன்னைக்கு வேண்டாம்டா.

தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "இருந்தேங்க. அடிதடி கேஸ். நான்தான் அடிச்சேன்."

"சரி. நாளைக்கு வர முடியுமா?"

"அம்மா இறந்துட்டாங்க."

"ஐயோ... எல்லாம் முடிச்சுட்டு மெதுவா வாங்க. உங்க இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அக்காவுக்கு நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அம்மா இத்தனை வருஷம் கட்டிக்காத்தது ஒரு நொடியில் போச்சே.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "பேக்கரின்னா விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணுமேடா."

"எந்திரிச்சுடுவேன் அத்தை."

"அத்தை, உங்களுக்கு..." அக்கா நிமிர்ந்தாள்.

"தெரியும்டி. எல்லாருக்கும் அப்பவே தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அண்ணிக்குத்தான் தெரியாது. நாங்களும் போன்ல கப்பல் எப்ப வருதுன்னு கேட்டுட்டு, பேசாம இருந்துட்டோம்."

மாமா நாற்காலியை இழுத்துத் தம்பியின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அடுப்புப் பக்கமா, பேக்கிங்கா என்று விசாரித்தார். படியில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். அக்கா அம்மாவின் கால்மாட்டில் ஒடுங்கி இடம் விட்டாள். இந்த வீட்டில் இத்தனை பேர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. அம்மாவைத் தவிர எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.