பட்டுச்சு என்று சொன்னவள்

"பட்டுச்சு" என்றாள் அக்கா.

"படலையே."

"என் மேல பட்டது எனக்குத் தெரியாதா? சும்மா இரு, வாலு."

ஆண்டுகள் ஓடியும் அந்தப் பேச்சு வாலுவின் காதை விட்டுப் போகவில்லை. வாலு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். வாள்வீச்சு கற்கப் போன முதல் நாளே, "வாலு கையில வாளா, ஊர் தாங்காது" என்று அக்கா கேலி செய்தாள். பிறகு அவளும் கூடவே வந்து சேர்ந்துகொண்டாள்.

அன்று பயிற்சிக்கூடத்தில் விளக்குப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. வாள் முனை உடம்பில் பட்டால் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும் பெட்டி அது. அது வேலை செய்யாவிட்டால் குத்து வாங்கியவரே வாய்விட்டு "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும் என்பது மாஸ்டர் வைத்த வழக்கம். கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம். அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொண்டதில் அக்காவின் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தது. அதனால் அந்த இடத்துக்குக் கடைசியில் எதிரெதிரே நின்றது அக்காவும் தங்கையும். ஆளுக்குப் பதினாலு புள்ளி. அடுத்த குத்து யாருடையதோ, கல்லூரி அவளுக்கு.

வாலு பாய்ந்தாள். நிஜமாகப் பட்டால் வாள் வில்லாக வளையும். அந்த வளைவு கைக்குத் தெரியும். அன்று கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. முனை அக்காவின் விலாவை ஒட்டிக் காற்றில் போனது. அதற்குள் அக்கா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்குக் கல்லூரி, அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிப் பட்டறை. வாலு ஊர் ஊராகப் போய் ஆடினாள். பதக்கங்கள் பீரோ கைப்பிடியில் தொங்கின. கண்ணாடி துடைக்கும் துணியாலேயே அக்கா அவற்றைப் பளபளவென்று துடைத்து வைப்பாள். யாராவது கை கொடுத்துப் பாராட்டினால் வாலுவுக்கு இரவல் புடவை கட்டிக்கொண்ட மாதிரி கூசும். வீட்டுக்கு வந்ததும் கேட்பாள்: "நிஜமாவே பட்டுச்சாக்கா?"

"பட்டுச்சுடி. தழும்பைக் காட்டட்டுமா?"

அதற்கு மேல் கேட்க நினைத்தது மட்டும் ஒவ்வொரு முறையும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

இன்று கல்லூரிக்காக ஆடிய கடைசிப் போட்டி. இறுதிப் புள்ளி எதிராளிக்கு என்று விளக்கு எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாள் பையைத் தோளில் மாட்டி, நேராகப் பட்டறைக்கு வந்தாள் வாலு. அக்கா மாடியில் இருந்தாள். முதலாளியம்மா மட்டும் கல்லாவில் இருந்தார். கண்ணாடிக்குச் சட்டம் பொருத்துகிறவரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவரை அக்காவின் எதிரிலேயே "மாமா" என்று கூப்பிடுவாள் வாலு. அவர் காது சிவக்கும். அக்கா இவள் தலையில் குட்டுவாள்.

"மாமா இன்னிக்கு லீவாம்மா?"

"எந்த மாமா? அவன் வேலையை விட்டே போயிட்டான்மா. உங்க அக்காகிட்ட கல்யாணத்தைப் பத்திக் கேட்டிருக்கான். 'உங்க மேல எனக்கு அப்படி ஒண்ணும் இல்லை'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அப்புறம் சாணை மெஷினைப் போட்டுட்டு உக்காந்து அழறா. அந்தச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு."

"ஏம்மா அப்படிச் சொன்னா?"

"தங்கச்சி மேல படிக்கணுமாம். அதுவரைக்கும் வீட்டை யார் பாக்கறதுன்னு என்கிட்டயே கேக்கறா."

வாலு அந்தக் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். படாததைப் பட்டுச்சு என்று சொன்னவள், பட்டதைப் படவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

படியில் செருப்புச் சத்தம். தட்டு நிறையக் கண்ணாடி வில்லைகளோடு அக்கா இறங்கி வந்தாள். மேலங்கியெல்லாம் சாணை பிடித்த வெள்ளைச் சேறு.

"என்னடி, ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"போகுது விடு. சாப்பிட்டியா?"

"மாமாவை ஏன்க்கா அனுப்பினே?"

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைடி. எனக்கு அவர் மேல…" என்று ஆரம்பித்துச் சிரித்தாள். முகக்கவசத்தைக் கழற்றிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

வாலு பையைத் திறந்து இரண்டு வாளையும் எடுத்தாள். ஒன்றின் பிடியை அக்காவின் பக்கம் நீட்டினாள்.

"பைத்தியமா உனக்கு? கண்ணாடி உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்ற அக்காவின் குரல் பாதியில் கரகரத்தது. ஈரக் கை தானாக நீண்டு, பிடியைத் தொட்டு நின்றது.

இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"எனக்காகத் தோத்தது போதும்க்கா. ஒரு தடவை என்னைத் தோக்கடி."