லேசாகச் சிவந்திருந்தது

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன். ஒரே பக்கம். அது கதையில்லை, விசாரணைக் கமிட்டிக்குக் கொடுத்த வாக்குமூலம். எழுதியது நான், கையெழுத்துப் போட்டது என் கணவர். அதில் ஒரு சொல் பொய். அந்த ஒரு சொல்லை மாற்றத்தான் இப்போது மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். கதையில் மாற்றி யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள்.

முதல் வரி மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"தொட்டியின் உச்சியில் காற்று பலமாக—" (வேண்டாம். அன்று காற்றே இல்லை.)

"இரும்பும் மனிதனைப் போலவே—" (இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.)

"தாடி விழுந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்." (இது உண்மை. ஆனால் கதை அந்த மனிதர் தொட்டியிலிருந்து விழுந்ததில் தொடங்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம் தொடங்கியது.)

2

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் இன்ஸ்பெக்டர். பெயிண்ட் அடிக்கிற வேலை இல்லை; அடிக்கலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. இதற்கெல்லாமா ஓர் ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கல்யாணமான புதிதில் சிரித்திருக்கிறேன். பூசுவது பெரிய விஷயமில்லை, பூசுவதற்கு முன்னால் செய்வதுதான் வேலை என்பார். இரும்பின் மேல் மணல் மாதிரித் துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியடித்துத் துருவை உரித்தெடுப்பார்கள். அதற்கு பிளாஸ்டிங் என்று பெயர். உரிந்த இரும்பு சாம்பல் வெளுப்பாக இருக்கும். அதை 'வெள்ளை' என்றே சொல்வார்கள். வெள்ளை வந்த சில மணி நேரத்துக்குள் முதல் பூச்சைக் கொடுத்துவிட வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பேறும். அதற்கு அவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது: 'சிவந்துடுச்சு'. சிவந்துவிட்டால் முதலிலிருந்து உரிக்க வேண்டும்.

(கண் சிவக்கும், முகம் சிவக்கும், வானம் சிவக்கும். இரும்பும் சிவக்கும் என்று கேட்டதும் எங்கேயாவது பயன்படும் என்று நோட்டில் குறித்துவைத்தேன். பயன்பட்டுவிட்டது.)

3

நடந்தது இதுதான். உப்புத் தண்ணீர்த் தொட்டி, மூன்று மாடி உயரம். உச்சியில் சுற்றிவர ஒரு நடைபாதை, அதற்குக் கைப்பிடிக் கம்பி. காலையில் கம்பியை உரித்தார்கள். மத்தியானம் பெயிண்டர்கள் ஏறிவருவதற்குள் கம்பியின் அடிப்பகுதி லேசாகச் சிவந்திருந்தது. அதற்குள் துகள் பீய்ச்சுகிற கம்ப்ரெசரை லாரியில் ஏற்றி அடுத்த வேலைக்கு அனுப்பியாகிவிட்டது. திருப்பி வரவழைத்தால் இரண்டு நாள் போய்விடும், மேலே இருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். என் கணவர் தின்னரில் துணியை நனைத்துத் துடைக்கச் சொன்னார். துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. படிவத்தில் 'வெள்ளை' என்று எழுதினார்.

துடைத்தால் நிறம்தான் போகும், உப்பு போகாது. அது பெயிண்டுக்கு அடியில் இருந்துகொண்டு ஆறு வருடம் இரும்பைத் தின்றது. மேலே பெயிண்ட் மட்டும் புத்தம்புதிதாகப் பளபளத்தது. போன மாதம் தாடி அந்தக் கம்பியைப் பிடித்தார், கம்பி அடியோடு பெயர்ந்து வந்தது.

(தாடி என்பது பட்டப்பெயர். தொட்டிகளைப் பராமரிப்பவர். முகத்தில் ஒரு முடி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று மாதம் வைத்திருந்தாராம். சாகிறவரைக்கும் அது அவரை விடவில்லை.)

4

இந்த இடத்தில் என் கணவரை வில்லனாக்கிப் பார்த்தேன். அதில் அவர் சிகரெட் பிடிக்கிறார், கூலிக்காரர்களை வாடா போடா என்கிறார். எழுத வசதியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர் இவர். தேய்த்த கம்பியில் நாங்கள் கை வைத்தால் சத்தம் போடுவார், வியர்வை பட்டுவிடுமாம். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு நாள், போகட்டும் என்று விட்டார். வில்லனாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு, சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் எழுதினா உளறிடுவேன். நீதான் எழுதுறவ. எழுதிக் குடு."

"என்னன்னு எழுதட்டும்?"

காய்ந்துபோன தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைன்னு எழுது."

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பூச்சு வேலை சரி என்றால் துருவுக்குக் காரணம் பராமரிப்பு. பராமரிப்பு என்றால் தாடி. தொட்டியின் மேல் படியும் உப்பை வாராவாரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியது அவர் பொறுப்பு. அவர் ஒரு வாரம்கூடத் தவறாமல் கழுவியதை என் கணவரே பார்த்திருக்கிறார்; இனி கழுவாமலே கழுவியதாக எழுதிவைத்தார் என்று ஆகிவிடும்.

இரண்டு நாள் முன்னால்தான் தாடியின் மனைவி வந்துபோயிருந்தாள். அவர் வேலையில் ஏமாற்றுகிற ஆள் இல்லை என்று கமிட்டிக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். தனக்கு எழுத வராதாம். எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

5

ஒரே மேஜை, ஒரே பேனா, இரண்டு தாள்.

மனுவில் "என் கணவர் ஒரு வாரம்கூட" என்று எழுதி நிறுத்தினேன். அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

வாக்குமூலம் தங்குதடையில்லாமல் வந்தது. எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எங்கே லேசாகத் தயங்குவது போல் காட்டினால் நம்புவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இருபது வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். இப்போது என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எழுதும்போது அப்படி இல்லை. எழுதும்போது, வாக்கியங்கள் சரியாக வந்து உட்கார உட்கார, எனக்குச் சந்தோஷமாக

(முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

6

விசாரணை முடிந்த மூன்றாம் நாள் காலையில் தாடியின் மனைவி வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த மனு வேண்டாங்கக்கா."

இன்னும் முடிக்கவில்லை என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தத அங்க படிச்சாங்க. நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ரொம்பத் தெளிவா இருந்துச்சுக்கா. கேக்கக் கேக்க, இவருதான் கழுவாம விட்டிருப்பாருன்னு எனக்கே தோணிடுச்சு." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செத்துப்போன மனுஷன மூணு நாளா திட்டிக்கிட்டிருக்கேன்."

7

முடிவுகள் மூன்று எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் நான் உண்மையைச் சொல்கிறேன், அவள் என்னை அறைகிறாள். இன்னொன்றில் உள்ளே இருந்து என் கணவர் வந்து தானே சொல்லிவிடுகிறார். (உள்ளேதான் இருந்தார். வரவில்லை.) மூன்றாவதில் அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும், என்னை ஆழம் பார்க்க வந்திருக்கிறாள். கெட்டிக்காரத்தனமான முடிவு, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். மூன்றிலும் நான் அவளை நிறுத்திப் பேசுகிறேன். நிஜத்தில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள், நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

நான்காவதை நான் எழுதப் போவதில்லை. அவள் கதை படிக்கிறவள் இல்லை. நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அவர் வாராவாரம் கழுவினார் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். தெருமுனை வரை அவள் மெதுவாகத்தான் நடந்துபோனாள், கூப்பிட்டால் காதில் விழும். நீங்கள் கூப்பிடுங்கள்.