பளபளவென்று கெட்டுப்போன துப்பாக்கி

மச்சினன் பையிலிருந்து அந்தப் பொம்மைத் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தபோது கார்ப் பட்டறைப் பெயிண்டருக்குச் சிரிப்புகூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. உடம்பு ஆரஞ்சு, மூக்கு பச்சை, விசை மஞ்சள். பழக்கடைக்குள் லாரி புகுந்தது மாதிரி இருந்தது. பஞ்சுக் குண்டைப் போட்டு விசையை இழுத்தால் 'பொத்'தென்று ஒரு சத்தம் வரும். எதிரே நிற்பவனுக்குக் காயம் படாது. சுடுபவனுக்கு மானம் போகும், அவ்வளவுதான்.

"எதுக்குடா மாப்ள இது? எதிர்வீட்டுப் பூனையை மிரட்டவா?"

"இருங்க மாமா. ஒரே வாரத்துல இது விண்வெளித் துப்பாக்கி ஆயிடும்."

"அது ஆகட்டும். கூடவே நீயும் ஏதாவது ஆயிட்டா நல்லாயிருக்கும்."

"இங்க காது கேக்குது," என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. தம்பி விஷயத்தில் அவளுக்குப் பாம்புச் செவி.

மச்சினன் இந்த வீட்டுக்கு வந்தது, 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா' என்று சொல்லித்தான். அந்த ரெண்டு நாள் முடிவதற்குள் சுவரில் காலண்டர் மாறிவிட்டது. கூடத்துச் சோபா அவனுக்குக் கட்டில், சாப்பாட்டு மேசை, அலுவலகம் எல்லாம். அதன் நடுவில் அவன் உடம்பின் அளவுக்கு ஒரு குழி விழுந்துவிட்டது. காரில் இப்படி ஓர் ஒடுக்கு விழுந்திருந்தால் பெயிண்டர் உள்பக்கமிருந்து தட்டி எடுத்திருப்பார். சோபாவுக்கு உள்பக்கம் போக வழியில்லை. மச்சினனைத் தட்டி எடுக்க மனைவி விடவில்லை. ஆகவே, பகலெல்லாம் பட்டறையில் குனிந்து வேலை பார்த்த முதுகைச் சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்துக்கொண்டு, தன் சோபாவைத் தூரத்திலிருந்து தரிசிப்பதே அவர் விதி என்று ஆகிவிட்டது.

இப்போதுதான் ஒரு கதவு திறந்திருந்தது. சினிமாப் படங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. வரும்போது கைப்பட உருமாற்றிய பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பிடித்துப்போனால் வேலை. வேறு ஊர். 'தங்க அறை குடுப்பாங்களாம்' என்று மனைவி சொன்னபோது பெயிண்டரின் காதில் அது பொன்னால் இழைத்த அறை என்றே விழுந்தது. அவன் அங்கே போய்விட்டால் இங்கே சோபா அவருக்குத்தானே?

அந்த வாரம் முழுக்க மச்சினன் பால்கனியில் உட்கார்ந்து துப்பாக்கியை என்னென்னவோ செய்தான். கறுப்படித்தான். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பழுப்பைத் தெளித்தான். பஞ்சால் ஒற்றினான். முனைகளில் வெள்ளி நிறத்தைத் தடவினான். தடவியதை எட்ட நின்று பார்த்து, 'ம்' என்று தனக்குத்தானே பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டான். பெயிண்டர் தேநீரோடு போய் எட்டிப் பார்ப்பார். சாக்கடையில் விழுந்து எழுந்த பெருச்சாளியைப் போல இருக்கும் அது. இதையா ஒருத்தன் வேலை என்று கொண்டுபோய் நீட்டுவான்?

பெயிண்டருக்கு இந்த உலகத்தில் மதிப்புள்ள மனிதர்கள் கொஞ்சம்தான். அதில் முதல் ஆள் அவரே. கதவில் ஒரு கோடு விழுந்தால் வீட்டில் எழவு விழுந்தது போல ஓடிவரும் கார்க்காரர்களை அவர் மதித்ததில்லை. ஆனால் அந்தக் கோட்டை மதிப்பார். பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் கொடுத்து, நிறம் பிடித்து அவர் அனுப்பிய வண்டியில் அடிபட்ட இடம் எதுவென்று இடித்தவனாலேயே காட்ட முடியாது. கண்ணால் கண்டதை இல்லையென்று ஆக்குவது சாமிக்கு அடுத்தபடி தனக்குத்தான் கைவந்தது என்பது அவர் கட்சி.

நேர்காணலுக்கு முந்தைய நாள் காலையில் மச்சினன் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"மாமா, ஒரே ஒரு உதவி. பட்டறையில மேல ஒரு கோட்டு கிளியர் வார்னிஷ் மட்டும் அடிச்சுக் குடுங்க. பளபளப்பு இல்லாத கிளியர். கைபட்டா பெயிண்ட் ஒட்டக்கூடாது, அதுக்குத்தான். வேற எதையும் தொட வேண்டாம்."

"எனக்கே பாடமா? வச்சுட்டுப் போ."

பட்டறையில் கையிலிருந்த வேலை முடிந்ததும் பெயிண்டர் துணியைப் பிரித்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் சொறி. பிடியில் அழுக்கு. குழலில் துரு மாதிரி ஏதோ. இளக்காரமாக ஒரு 'ஹும்' வந்தது. அதன் பின்னாலேயே அவர் கூப்பிடாமல் ஒரு பரிதாபமும் வந்து நின்றது. பாவம், தெரியாத பயல். ஒரு வாரம் முதுகு வளைத்திருக்கிறான். நாளைக்கு இதைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னால் வைத்தால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தால் வேலை போகும். வேலை போனால் சோபா போகும். எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது.

உப்புத்தாளை எடுத்தார். அத்தனை சொறியையும் தேய்த்து எடுத்தார். பள்ளத்தில் பட்டி வைத்தார். அடியில் வெள்ளி கொடுத்து, அதன்மேல் பெரிய பணக்காரர்களின் வண்டிக்கு மட்டும் எடுக்கும் கரும்சாம்பலை ஸ்ப்ரே கன்னால் அடித்தார். 'துப்பாக்கியாலயே துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான்தான்டா' என்று தனக்குத்தானே ஒரு நகைச்சுவை சொல்லி, அதற்குத் தானே சிரித்தும் கொண்டார். கடைசியில் கிளியர். 'பளபளப்பு இல்லாத' என்று அந்தப் பயல் சொன்னது நினைவுக்கு வந்தது. பளபளப்பு இல்லாவிட்டால் அதற்குப் பெயிண்டர் எதற்கு? சலூன் கண்ணாடி போல ஆகும்வரை அடித்தார்.

சாயங்காலம் வீட்டில் துணியை விலக்கிக் காட்டியபோது, மச்சினன் அழுவான் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவன் அழத்தான் செய்தான். காரணம்தான் வேறாக இருந்தது.

"என்ன மாமா பண்ணிட்டீங்க!"

"ஏன், பாராட்டுக்கு வார்த்தை வரலையா?"

"அந்தக் கீறலெல்லாம் நான் போட்டது மாமா! ஒவ்வொண்ணா யோசிச்சுப் போட்டது! இது ரொம்ப வருஷம் ஒருத்தி இடுப்புல கிடந்த துப்பாக்கி. இப்பப் பாருங்க, புதுமாப்பிள்ளை மாதிரி மினுக்குது!"

"பழசாத்தானே வேணும்? ரெண்டு நாள் மழையில போட்டா ஆயிட்டுப் போகுது."

"பழசு வேற, பழகுனது வேற!" என்று கத்தினான் மச்சினன். இதுவரை அவன் அந்த வீட்டில் கத்தியதேயில்லை. கத்திவிட்டு நேராகச் சோபாவுக்குப் போய், தன் குழிக்குள் முகம் புதைத்து விழுந்தான்.

மனைவி பெயிண்டரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அடித்த பளபளப்பு மொத்தத்தையும் உரித்துவிடக்கூடிய பார்வை அது.

"ஒரு கோட்டு அடிங்கன்னான். ஒரே ஒரு கோட்டு. உங்க மேதாவித்தனத்தை எங்கயாவது கழட்டி வைக்கவே மாட்டீங்களா?"

பெயிண்டர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. துளிப் பழுதில்லாத பரப்பில் முட்டாள் முகம் ஒன்று துல்லியமாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஊரார் அசட்டுத்தனத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவருக்கு அந்த முகத்தைப் பார்த்தும் உதடு பிதுங்கியது. பழக்க தோஷம்.

சோபாவின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எழுந்திரு மாப்ள. யாரு அவ?"

"எவ?"

"இதை இடுப்புல வச்சிருந்தவ."

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "சரக்குக் கப்பல்ல குழாய் பழுது பாக்குறவ. கோளுக்குக் கோள் போற கப்பல். இடது கைக்காரி. யாரையும் சுட்டதில்ல. சும்மா மிரட்டத்தான் வச்சிருக்கா."

மனிதன் குழாயே ஒழுங்காக மூடாத உலகத்தில் கோளுக்குக் கோள் கப்பலாம், அதற்கொரு பிளம்பராம். இருந்தாலும் கேட்டார்.

"மோதிரம் போட்டிருப்பாளா?"

மச்சினன் தலையைத் தூக்கினான். "ஏன்?"

"கார்க் கதவுக் கைப்பிடி இருக்குல்ல, அதுக்குப் பின்னால பிறை மாதிரி கீறல் விழும். எல்லாம் மோதிரம் பண்ற வேலை. நீ போட்டிருந்த கீறல் எல்லாம் முனையில மட்டும் இருந்துச்சு. அது எலி கடிச்ச கீறல். மனுஷன் கைபட்டுத் தேயுற இடம் வேற."

மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். "போட்டிருப்பா. அவங்க அம்மாவோட மோதிரம்," என்றான்.

"அப்ப இங்க," என்று பிடிக்கு மேலே விரல் வைத்தார் பெயிண்டர். "நீயே போடு. உன் கைப்பட இருக்கணும்."

ஆனால் மச்சினன், "முதல் கீறலை நீங்க போடுங்க மாமா," என்று ஒதுங்கிக்கொண்டான். பெயிண்டர் மனைவியிடம் மோதிரத்துக்காகக் கையை நீட்டினார். அவள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். மோதிரத்தைத் துப்பாக்கிமேல் வைத்த பிறகு அவர் கை நகரவில்லை. வாழ்நாளில் அவர் ஒரு கீறலும் போட்டதில்லை. பல் மருத்துவரிடம் போனவர் போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். 'சர்க்'கென்ற சத்தம் அவர் முதுகுத்தண்டில் ஓடியது. கண்ணைத் திறந்தபோது கரும்சாம்பலுக்கு அடியிலிருந்து வெள்ளி பிறையாகச் சிரித்தது. தடவிவைத்த வெள்ளி அல்ல, அடியிலிருந்து எட்டிப் பார்க்கிற வெள்ளி.

"மாமா," என்றான் மச்சினன். கீறலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயைப் பாக்காம உப்புத்தாளைப் புடி. இடது கட்டைவிரல் எங்க வரும்னு வச்சுப் பாரு. அங்க தேய். பளபளப்பு மொத்தமும் போகணும். எனக்குப் பாக்கச் சகிக்கல, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

திரும்பிக்கொள்ளவில்லை. இடுப்பு உறையில் உரசும் பக்கம், தரையில் வைக்கும் பக்கம், அவசரத்தில் குழாயில் இடித்த இடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மச்சினன் தேய்த்துக்கொண்டே இருந்தான். நடுவில் இருவருக்கும் ஒரு சண்டைகூட வந்தது, அந்தப் பெண் துப்பாக்கியை எந்த இடுப்பில் செருகுவாள் என்று.

நேர்காணல் முடிந்ததும் மச்சினன் போன் செய்தான். கம்பெனி அம்மா துப்பாக்கியை இடது கையில் வாங்கிப் பார்த்து, பிறைக் கீறலில் விரலை வைத்து, 'இது யார் போட்டது?' என்று கேட்டாளாம்.

"என்னடா சொன்ன?"

"எங்க மாமான்னேன். கீறலை மறைக்கிறதுதான் அவர் தொழில், இந்த ஒண்ணு மட்டும் எனக்காகப் போட்டாருன்னேன். மத்த கீறலெல்லாம் நான்னு சொன்னேன்."

"அரிச்சந்திரன் பாரு இவன்! உன்னை வாயைத் திறக்கச் சொன்னது யாரு? வேலை?"

"கிடைச்சிருச்சு மாமா."

"அப்ப அந்த அம்மாவுக்கும் கண்ணு சரியில்ல," என்று சொல்லிவிட்டுப் பெயிண்டர் போனை மனைவியிடம் கொடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெயிண்ட் நெடி என்றார். அன்று அவர் பட்டறைக்கே போகவில்லை.

மச்சினன் பையோடு போன நாளில் சோபா திரும்பி வந்தது. பெயிண்டர் வெற்றி வீரனாக அதில் சாய்ந்தார். மச்சினன் நெட்டை, இவர் குட்டை. இடுப்பு வரவேண்டிய இடத்தில் முட்டி வந்தது. குழி அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றது.

"சோபாக்காரரை வரச் சொல்லவா?" என்றாள் மனைவி. "உள்ள பஞ்சு மாத்திட்டா ஒடுக்கு போயிடும். நாமளும் நிம்மதியா உக்காரலாம்."

ஒடுக்கெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார். பழசில்லை, பழகியது.

"வேண்டாம். லீவு விட்டா அந்தத் தடிமாடு இங்கதான் வந்து விழப்போகுது. அதுக்கு ஏத்த மாதிரி இன்னொரு குழி தோண்ட யாரால முடியும்?" என்றார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.