மாடி வீட்டு ஆட்சேபம்

என் கட்டடத்துக்கு எதிராக ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த அக்காதான். எழுதிக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டில் உட்கார்ந்து, என் மனைவி போட்ட டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்று குறையும் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா நகரசபையில் திட்ட அதிகாரி. இந்த ஊரில் யார் ஒரு சுவரை எழுப்பினாலும் காகிதம் அவள் மேசைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அவள் காகிதத்தை நம்பமாட்டாள். வாளியை நம்புவாள். எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் கையோடு ஒரு பச்சை வாளியைக் கொண்டுபோய், நிறையத் தண்ணீர் பிடித்துத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பாள். ஊரில் அவளுக்கு 'வாளி மேடம்' என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

நீடித்த வளர்ச்சி விதி என்று ஒன்றைப் போராடிக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஏகப்பட்ட பக்கங்கள். ஆனால் அவள் மேசைக்கு மேலே சுவரில் மூன்றே கேள்விகளாக எழுதி ஒட்டியிருக்கிறாள்: இது இன்றைக்கு யாருக்கு உதவும்? இருபது வருஷம் கழித்து யாருக்கு இடைஞ்சல்? இங்கே வந்து பேச முடியாதவர் யார்? "மூணாவது கேள்விக்கு பதில் நான்தான். உன்கிட்ட யாரால பேச முடியும்?" என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

கிண்டல் என் தலையிலேயே விடிந்தது. எனக்குச் சலவைக்கடை. கீழே கடையும் என் வீடும், மாடியில் அக்கா. பின்னால் களை மண்டிய ஒரு பள்ளம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகளை எல்லாம் வெளுத்துத் தரும் வேலை எனக்கு வரும்போல இருந்தது. ஒரே நிபந்தனை, மழைக்காலத்துக்குள் துணி காயப்போடக் கூரை போட்ட ஹால் வேண்டும். இல்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடும். என் கடையில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். மழை வந்தால் அவர்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் தூக்கம் இல்லை. பள்ளத்தை மூடித் தளம் போட்டு ஹால் கட்டுவதென்று விண்ணப்பித்தேன்.

தம்பி ஃபைலை அக்கா தொடக் கூடாது. அதனால் அது பக்கத்து மேசைக்காரரிடம் போனது. அவர் நல்ல மனிதர். 'ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளில் எழுதலாம்' என்ற நோட்டீசைக் கொடுத்தார், நானே என் கேட்டில் ஒட்டினேன். பன்னிரண்டாம் நாள் ஆட்சேபத்தின் நகல் வந்தது. முகவரியைப் பார்த்தேன். என் கதவு எண், பக்கத்தில் 'மாடி'.

படியேறிப் போய்க் கத்தினேன்.

"அதிகாரியா நான் ஒண்ணும் எழுதலடா. குடியிருக்கறவளா எழுதினேன்" என்றாள். "தெருத் தண்ணி முழுக்க நம்ம சந்து வழியா வந்து அந்தப் பள்ளத்துலதான் எறங்குது. அத மூடிட்டா பக்கத்துல தையல்கார அண்ணன் கடைக்குள்ளதான் போகும். அவர் கடை ரோட்டவிடத் தாழ்வு."

"அவர் கேட்டாரா உன்கிட்ட?"

"கேக்க மாட்டாரு. அதனாலதான் நான் எழுதினேன்."

நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகப் பக்கத்து மேசைக்காரர் தேதி குறித்தார். அதற்கு முன் அக்கா மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் போனாள். எனக்குப் புத்தி கோணலாக வேலை செய்தது. இரண்டு வண்டி மண் இறக்கி, சந்தில் பரப்பித் தட்டி, தண்ணீர் பள்ளத்துக்கே போவதில்லை என்று காட்டுவதற்காகச் சரிவைத் தெருப் பக்கம் திருப்பினேன். புது மண் என்று தெரியாமல் இருக்க மேலே பழைய செங்கல் தூளைத் தூவினேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேக்கட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

குறித்த நாள் காலையில் பக்கத்து மேசை அதிகாரி வந்தார். தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வந்து ஓரமாக நின்றார். அக்கா வாளியோடு இறங்கி வந்தாள். சந்தின் நடுவில் ஊற்றினாள். தண்ணீர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுத் தெருவைப் பார்த்து ஓடியது. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு வாளி கொண்டுவந்து ஊற்றினாள். அதுவும் தெருவுக்கே போனது.

கத்தப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் கத்தவில்லை. முகமெல்லாம் மலர்ந்து ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டேய், நான் தப்புடா! தண்ணி தெருவுக்குத்தான் போகுது! உன் ஹால் உனக்குத்தான்!" அதிகாரியிடம் திரும்பினாள். "சார், அந்தப் பேப்பரக் குடுங்க. ஆட்சேபத்த வாபஸ் வாங்கிக்கறேன். இத எழுதினதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல சார்."

அவள் கண் கலங்கியிருந்தது. தோற்றதில் இவ்வளவு சந்தோஷப்படுகிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை. பேனாவைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, கையெழுத்துப் போடாத."

"ஏன்டா?"

"ரெண்டு வண்டி மண்ணு கொட்டியிருக்கேன். நீ ஊர்ல இல்லாதப்ப."

அதிகாரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் நாடாவை விரலில் சுற்றினார். அக்காவின் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் நின்று பார்த்தேன். என் ஆயுசுக்கும் எனக்கு அந்தத் தண்டனை போதும். அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அங்கேயே எழுதிக் கொடுத்தேன். கொட்டிய மண்ணை நானே மண்வெட்டியால் வாரினேன். இரண்டு நாள் மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. என் மனைவி டீ கொண்டுபோனாள், காலி தம்ளர் வந்தது. சர்க்கரையைப் பற்றிக்கூடப் புகார் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தாள். மொட்டைமாடியின் அளவுகள், கூரை, கூரைத் தண்ணீரைப் பள்ளத்துக்கு இறக்கும் குழாய், எல்லாம் வரைந்திருந்தாள்.

"துணி காய காத்துதான வேணும்? தரை எதுக்குடா? நான் கோடுதான் போட்டுக் குடுப்பேன். பாத்து கையெழுத்துப் போடறது அந்த சார்தான்."

மொட்டைமாடிதான் அவள் நிம்மதியாக உட்கார இந்த வீட்டில் இருந்த ஒரே இடம். ஒரு நாற்காலி, பதினெட்டுப் பூந்தொட்டிகள், ஆபீஸ் விட்டு வந்தால் அரை மணி நேரம்.

"உன் செடியெல்லாம்?"

"பள்ளத்துக் கரைல எடம் இருக்குல்ல. அத மூடவிட மாட்டேன்னுதான அவ்வளவு சண்ட போட்டேன்."

அந்த சாரும் வந்து, குழாய் முதற்கொண்டு பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார். மழைக்கு நாலு நாள் முன்னால் கூரை முடிந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளும் வந்து சேர்ந்தன.

முதல் மழை ஒரு பிற்பகலில் பிடித்தது. தெருத் தண்ணீர் மொத்தமும் சந்து வழியாக வந்து பள்ளத்தில் இறங்கியது. விளிம்புவரை ஏறியது. தையல்காரர் வாசற்படிக்கு இரண்டு விரல் பாக்கி இருக்கும்போது நின்றது. உள்ளே அவர் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைத்தான் நான் நிறுத்தப் பார்த்தேன்.

அக்கா பின்வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கி நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"இத்தன வருஷமா மண்ணப் பாக்கறவ நீ. செங்கல் தூளு, புது மண்ணு, எதுவும் உனக்குத் தெரியலயா?"

"வேற எடமா இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். "நம்ம வீட்டுல எதுக்குடா நான் சந்தேகப்படணும்?"

சந்தின் வாயில் குப்பை அடைத்துத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கி, அதைக் கையால் அள்ளி எடுக்க ஆரம்பித்தேன்.