எதிர்வீட்டுக்குப் போகிற வழி

என் பெண்டாட்டி ரோட்டைக் கடக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். இதற்கு எதற்கு ஒரு கதை என்று கேட்கிறவர்கள், முட்டிவலிக்காரி ஒருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ரோட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க் காட்டட்டும். அப்புறம் பேசலாம்.

அந்தப் பக்கம் அவளுடைய அக்கா இருக்கிறாள். நேர் எதிர்வீடு. அக்காவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. காலையில் போய்த் துடைத்து, துணி மாற்றி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, சாயங்காலம் வரை கூட இருப்பது என் பெண்டாட்டிதான். வேறு ஆள் கையால் அக்கா ஒரு வாய் சாப்பிடமாட்டாள். சம்பளத்துக்கு ஒரு அம்மாவை வைத்துப் பார்த்தோம். அக்கா அந்த அம்மாவின் விரலைக் கடித்துவிட்டாள்.

இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே என்பீர்கள். எங்கள் வீடு மாடி, படி ஏணி மாதிரி. சரி, நீங்கள் அங்கே போய்விடலாமே என்பீர்கள். அது ஒற்றை அறை. அக்கா, மகன், மருமகள் மூன்று பேர் படுத்தாலே ஒருத்தர் கால் அடுப்புக்குள் போகும். காரில் சுற்றிக்கொண்டு போகலாமே என்றால், பாலம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அந்த நெரிசலில் போய் வருவதற்குள் அக்காவுக்குப் படுக்கை நனைந்துவிடும். எல்லாம் யோசித்தாகிவிட்டது. யோசனை சொல்கிறவர்கள் யாரும் ரோட்டைக் கடக்க வருவதில்லை.

கார் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஒரே கார், பழசு. என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் மறந்தால் நான் மிதிப்பேன். இந்த ரோட்டில் பறக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதனால்தான் ஒருத்தரையும் நம்புவதில்லை. லைசன்ஸ் கைக்கு வரும்வரை சார் சார் என்பார்கள். வந்த மறுநாள் என் காருக்குப் பின்னாலேயே வந்து ஹாரன் அடிப்பார்கள்.

மற்ற இடங்களில் முதல் நாள் ஸ்டீயரிங்கைக் கையில் கொடுப்பார்கள். என்னிடம் முதல் பாடம் நிறுத்துவது. வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு விளக்குக்கம்பம் இருக்கிறது. கேட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து கம்பத்தடியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நான் போ என்று சொல்லும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இது ஒழுங்காக வராதவருக்கு இரண்டாம் பாடம் கிடையாது.

ரோட்டை அகலமாக்கின பிறகும் கொஞ்ச நாள் தொந்தரவு இல்லை. காரணம் ஒரு குழி. கம்பத்துக்கு நேராகத் தண்ணீர்க் குழாய் உடைந்து, தார் உள்வாங்கி, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குக் குழி விழுந்தது. மனுஷனுக்கு நிற்காத வண்டியெல்லாம் குழிக்கு நின்றது. அவனவனுக்கு அவனவன் டயர் முக்கியம். அந்த நிதானத்தில் என் பெண்டாட்டி சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய் வந்தாள்.

ரோடு போடுகிறவர்கள் ஜல்லியோடு வந்தார்கள். நான் நாற்காலியைக் குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"பெரியவரே, எல்லாரும் குழியை மூடச் சொல்லி மனு கொடுப்பாங்க. நீங்க மூடாதேன்னு சொல்றீங்க?"

"முதல்ல கடக்கறதுக்கு ஒரு வழி போடு. அப்புறம் மூடு."

"அது வேற டிபார்ட்மென்ட்."

"அப்ப குழி என் டிபார்ட்மென்ட்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜல்லியை மட்டும் ஓரமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் மழை பெய்தது. குழியில் தண்ணீர் நின்றால் குழி தெரியாது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவன், தாடி நரைத்தவன், ஸ்கூட்டரோடு அதில் விழுந்தான். முழங்கை தோல் உரிந்து தொங்கியது. என் பெண்டாட்டிதான் அவனைப் படியில் உட்காரவைத்துக் கழுவிக் கட்டுப்போட்டாள். அவன் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பாடு கொட்டிப்போச்சு, சாப்பாடு கொட்டிப்போச்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என் அக்காவைப் பாக்கறதுக்கு ஊர்ல இருக்கவன் கையெல்லாம் உடையணுமா?"

"நான் என்ன, தள்ளியா விட்டேன்?"

"நாற்காலி போட்டுக் காவல் காத்தீங்களே, அதுக்குப் பேர் என்னவாம்?"

சாயங்காலமே ஓரத்தில் கிடந்த ஜல்லியைப் போட்டு, சிமெண்டு கலந்து, நானே மூடினேன். அரைகுறையாக மூடத் தெரியாது எனக்கு. பூசின சுவர் மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. மறுநாளிலிருந்து வண்டிகள் வழுக்கிக்கொண்டு போயின.

அந்த வாரத்திலேயே ஒரு பைக் அவளை உரசியது. கேரியர் கையைவிட்டுப் போய், ஒரு லாரி அதை அப்பளமாக்கியது. அவள் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தவள்தான், அன்றைக்கு எழவில்லை. அக்கா மத்தியானம் வரை ஈரத்துணியோடு கிடந்தாள்.

அக்கா மகன் வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் விடிந்ததும் வேலைக்குப் போகிறவர்கள், அம்மாவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

"சித்தப்பா, திங்கட்கிழமை முதியோர் ஹோம்லருந்து வேன் வருது. சித்தியால வர முடியாதப்ப அம்மாவை இப்படிப் போட்டு வைக்க முடியாது."

"எங்கடா இருக்கு அந்த ஹோம்?"

"ஊருக்கு வெளியே. பஸ் மாறிப் போகணும்."

"அங்க போனா எங்கக்கா வாயைத் திறக்கமாட்டாடா," என்றாள் என் பெண்டாட்டி. "பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துடுவா."

"அப்ப தினமும் வந்துடுங்க சித்தி. நான் வேனை வேண்டாம்னுடறேன்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

ரோடு போடுகிறவர்களின் ஆபீஸுக்குப் போனேன். நடைபாலம் வரப்போகிறது என்று படம் காட்டினார்கள். படத்திலேயே படி இரண்டு மாடி உயரம். முட்டிவலிக்காரி அதில் ஏறினால் மேலேயே குடியிருக்க வேண்டியதுதான். எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை அவள் கடப்பாள் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்று மட்டும்தான் பாக்கி.

திங்கட்கிழமை காலை கிளாஸ் மருந்துக்கடைக்காரருக்கு. ஐம்பதைத் தாண்டியவர். ஸ்டீயரிங்கை, மொட்டைமாடிக் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார்.

"இன்னிக்கு என்ன பாடம் சார்?"

"முதல் பாடம்."

"அதான் முடிஞ்சுதே சார்!"

"எல்லாருக்கும் அப்படித்தான் நினைப்பு. கம்பத்தடியில நிறுத்துங்க. ஓரமா வேண்டாம், நடுவில, கோணலா."

கோணலாக நிறுத்துவது அவருக்குத் தானாகவே வரும். எங்கள் பக்கம் முழுக்க அடைபட்டது. பின்னால் ஹாரன் ஊரைத் தூக்கியது. எதிர்ப்பக்கம் ஹோம் வேன் நின்றிருந்தது, பக்கத்தில் அக்கா மகன். என் பெண்டாட்டி புதுக் கேரியரோடு வீட்டிலிருந்து இறங்கி, காருக்கு முன்னால் நடந்து, நடுக்கோடு வரை போய்விட்டாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

நடுரோட்டில் ஒரு கிழவி நிற்பதைப் பார்த்தால் எதிர்ப்பக்க வண்டிகள் தானாக நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒருத்தரையும் நம்பாத நான் அந்த ஒரு இடத்தில் நம்பிவிட்டேன். ஒருவனும் நிற்கவில்லை. அவள் புடவை ஒவ்வொரு வண்டிக்கும் இழுபட்டுப் பறந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் போக வேண்டும். போனால் என் கால் பிரேக்கில் இருக்காது. கம்பத்தடியில் ரோடு இறக்கம். காரின் மூக்கு அவளைப் பார்த்துதான் நிற்கிறது. ஊருக்கெல்லாம் ஹேண்ட்பிரேக் சொல்லிக்கொடுத்த அந்த வண்டியில், இழுத்தவர்கள் எல்லாம் இழுத்து இழுத்து, ஹேண்ட்பிரேக் பாதிதான் பிடிக்கும். இத்தனை வருஷத்தில், ஓடுகிற இன்ஜினோடு ஒருத்தரை விட்டு நான் இறங்கினதில்லை. சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தேன்.

"நான் இறங்கறேன். பிரேக்ல இருக்கற காலை எடுக்காதீங்க."

"சார்! நீங்க இல்லாமயா?"

"முன்னால நிக்கறது என் பெண்டாட்டி. காலை எடுத்தீங்கன்னா அவ மேலதான் போகும்."

அவர் முகம் சுண்ணாம்பாக ஆனது. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து, சீட்டைவிட்டே எழுந்து மிதித்தார். இறங்கினேன். அவள் பக்கத்தில் போய், அவளைத் தாண்டி இரண்டடி முன்னால் போய், ரோட்டில் நின்று கையைத் தூக்கினேன்.

எதிரே பஸ் வந்தது. எத்தனை பஸ் பார்த்திருக்கிறேன், நடுரோட்டில் நின்று பார்த்தால்தான் அதன் உயரம் தெரிகிறது. நான் நகரவில்லை. பஸ் ஒரு பெருமூச்சு விட்டு, என் கைக்கு எட்டுகிற தூரத்தில், ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுகிற அம்மா தலையை வெளியே நீட்டினாள்.

"சார், என்ன சார், உயிர் மேல ஆசை விட்டுப்போச்சா?"

எனக்குத் தெரிந்த முகம். ஹேண்ட்பிரேக் இழுக்க மறந்ததற்காக நான் மூன்று தடவை இரண்டாம் பாடத்துக்குப் போகவிடாமல் உட்காரவைத்தவள். மூன்றாம் தடவை கம்பத்தை முறைத்துக்கொண்டே அழுதாள்.

"ஹேண்ட்பிரேக் போட்டியா?" என்றேன்.

"போட்டாச்சு! வேணும்னா ஏறி வந்து பாருங்க. நீங்க என்ன, நம்பவா போறீங்க? அத்தை, நீங்க பாத்து மெதுவா போங்க."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஆளாளுக்குத் திட்டினார்கள். "இறங்கி நடந்து போறவங்க போகலாம்," என்று அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். "இந்த ரோட்டைக் கடக்கத் தைரியம் இருந்தா!"

ஒருத்தரும் இறங்கவில்லை.

என் பெண்டாட்டி அவசரமே படாமல் நடந்தாள். அந்தப் பக்கம் ஏறியதும் வேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, வந்துட்டேன்," என்றபடி உள்ளே போனாள்.

அவள் பின்னாலேயே போன என் கையை அக்கா மகன் பிடித்தான். "சித்தப்பா, உங்களுக்குப் பைத்தியமா? தினமும் இப்படி மறிக்க முடியுமா?"

"தினமும் கிளாஸ் இருக்குடா."

"அவங்க திரும்பி வரணுமே?"

"சாயங்காலமும் கிளாஸ் இருக்கு."

அவன் வாசலுக்குள் எட்டிப் பார்த்தான். அக்கா வாயைத் திறந்து காத்திருப்பது எனக்கும் தெரிந்தது. அவன் வேன்காரரிடம் போய் ஏதோ சொன்னான். வேன்காரர் கதவைச் சாத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

"சார்!" நடுரோட்டிலிருந்து மருந்துக்கடைக்காரர் அலறினார். "கால் நடுங்குது சார்!"

"எடுக்காதீங்க! வந்துட்டேன்!"

பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எனக்காகத்தான். ஓட்டுகிற அம்மாவைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் யோசித்தேன். பஸ்ஸில் ஏறி ஹேண்ட்பிரேக்கைப் பார்க்கலாமா என்று. பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

"நாளைக்கும் இதே டிரிப்தான் சார்," என்றாள். "ஆனா சாயங்காலம் நான் வரமாட்டேன், வேற ரூட்."

காருக்குள் ஏறி என் பிரேக்கை மிதித்தேன். மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் சீட்டில் உட்கார்ந்தார். அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

"நான் பாஸா சார்?"

"நாளைக்குச் சொல்றேன்."

மத்தியானம் காருக்கு அடியில் படுத்து, பழைய ஹேண்ட்பிரேக் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டேன். இறக்கத்தில் நிறுத்தி, ஆள் இல்லாமல் விட்டு, தள்ளியும் பார்த்தேன். அசையவில்லை. சாயங்காலம் அவள் திரும்பி வர வேண்டும். எதிரே யார் வருவான், நிற்பானா மாட்டானா, எனக்குத் தெரியாது. நிற்காவிட்டால் நான் இறங்கி நிற்பேன்.