சகலை வண்டியில் ஓர் ஆணி

தச்சருக்குத் தொழிலில் நல்ல பெயர். அவர் செய்த அலமாரிக் கதவைச் சாத்தினால் சாத்திய சத்தமே கேட்காது. அப்பேர்ப்பட்டவருக்குச் சகலையின் வேனைப் பார்த்து வயிறு எரிந்தது.

சகலை பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது என்பது தச்சரின் எண்ணம். இருவரும் ஒரே வருடத்தில் ஆளுக்கொரு பழைய வேன் வாங்கி, படுக்கவும் சமைக்கவும் தோதான கேம்பராக மாற்றிக்கொண்டார்கள். தச்சர் ஏழு மாதம் ராப்பகலாக உழைத்து, வண்டிக்குள் மரத்திலேயே ஒரு வீட்டைக் கட்டினார். சகலையோ பழைய ஜீன்ஸ், அறுந்த பெல்ட், ஜாம் பாட்டில் என்று குப்பைக்குப் போக வேண்டியதை எல்லாம் உள்ளே கொண்டுபோய் மாட்டினார். தச்சர் அதைக் கேள்விப்பட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து கிளம்பின. ஏரிக்கரையில் வண்டிகளை நிறுத்திய உடனே மழை பிடித்துக்கொண்டது. மைத்துனி, முன்சீட்டின் முதுகில் தைத்திருந்த ஜீன்ஸ் பைகளில் கையை விட்டாள். நாலு மழைக்கோட்டுகள் வெளியே வந்தன. தச்சரின் குடைகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. பலகையைத் தூக்க வேண்டுமானால் மெத்தையை எடுக்க வேண்டும், மெத்தையை எடுத்தால் வைக்க இடமில்லை.

"ஏங்க, நீங்க தச்சரா, அவரு தச்சரா?" என்றாள் மனைவி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

விளையாட்டாகத்தான் கேட்டாள். தச்சருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாலு என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய மகள் வேறு, "சித்தப்பா வண்டியில எதத் தேடினாலும் கெடைக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை எல்லோரும் ஏரியைச் சுற்றி நடக்கப் புறப்பட்டார்கள். தச்சர் முழங்கால் வலி என்று பின்தங்கிவிட்டு, அவர்கள் தலை மறைந்ததும் சகலையின் வேனுக்குள் நுழைந்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனார். ஜாம் பாட்டில்களின் மூடிகளை மேல்தட்டின் அடியில் திருகியிருந்தார்கள். பாட்டிலை ஒரு திருகு திருகினால் சர்க்கரை கைக்கு வந்தது. தட்டுகளைப் பெல்ட் இறுக்கிப் பிடித்திருந்தது. கூரையோடு ஒட்டி ஒரு வலை, அதற்குள் போர்வைகள். ஒரு மூலைகூட மட்டமில்லை, ஒரு பலகைகூட இழைக்கப்படவில்லை. ஆனாலும் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது. இந்த யோசனை நமக்கு ஏன் வரவில்லை என்று எரிச்சலாக வந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, சக்கரம் வைத்து, இழுத்தால் ஓடி வருவதுபோல் இருந்தது. உள்ளே இரும்பு வாணலி, டப்பாக்கள், தண்ணீர் கேன். அது தானாக வெளியே வராமல் இருக்க, வளைந்த ஆணி ஒன்றை ஓட்டையில் சொருகியிருந்தார்கள்.

'ஆணியாம் ஆணி!' தச்சர் அதை உருவினார். ஒரு வளைவில் கூடை உருண்டு வரட்டும், சாமானெல்லாம் சிதறட்டும், அப்போது தெரியும் யார் தச்சர் என்று. ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

பதினொரு மணிக்குக் கிளம்பினார்கள். சகலையின் வண்டி முன்னால் புறப்பட்டது. தச்சர் தம் வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பினால், பின்சீட்டு காலி.

"வாலு எங்கே?"

"சித்தி வண்டியில ஏறிட்டா. கட்டிலுக்கு எதுத்தாப்புல உக்காந்து வேடிக்கை பாக்கணுமாம்" என்றாள் மனைவி.

தச்சருக்கு ஆணி நினைவுக்கு வந்தது. கூடை உருண்டு வந்தால் நேராக அவள் முழங்காலில்தான் வந்து மோதும். எதிரே மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். முதல் வளைவுக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது முன்வண்டி ஓரம் கட்டியது.

அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கூடை அதற்குள்ளேயே ஒரு சாண் வெளியே வந்திருந்தது. வாலு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "நீ போய் அம்மாகிட்ட உக்காரு" என்று மகளை இறக்கி அனுப்பினார். வண்டி நின்ற சாக்கில் மைத்துனியும் இறங்கி, அக்காவையும் வாலுவையும் கூட்டிக்கொண்டு சற்றுத் தள்ளியிருந்த டீக்கடைக்குப் போனாள்.

சகலை சுற்றிக்கொண்டு வந்தார். "என்னண்ணே, டயரா?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தச்சர் பையிலிருந்து ஆணியை எடுத்து நீட்டினார். "காலையில நான்தான் உருவினேன்."

"எதுக்கு?"

"வயித்தெரிச்சல், சகல. வேறென்ன?"

சகலை ஆணியையும் கூடையையும் வாலு உட்கார்ந்திருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தெனமும் அம்பது புள்ளைங்கள ஏத்திட்டுப் போறவன் நான். என் வண்டியில கைய வெச்சிட்டீங்களே" என்றார்.

தச்சர் தம் வண்டிக்குப் போனார். ஏழு மாதம் உழைத்துச் செய்ததில் ஓர் அலமாரிக் கதவைக் கழற்றி, அதன் சட்டத்தில் ஒரு துண்டை அறுத்தார். அரை மணி நேரம் ரோட்டோரம் குந்தி, திருப்பிவிட்டால் கூடையை மறித்து நிற்கும் திருகுகட்டை ஒன்று செய்து முடுக்கினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சகலையும் காலால் ஓர் உதை விட்டுப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினார்.

வண்டி நின்ற காரணத்தையோ கட்டையைச் செய்தது யார் என்பதையோ சகலை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் "அண்ணே" என்று கூப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "அண்ணே, உங்க குடைக்கு ஒரு ஜீன்ஸ் பை தைக்கச் சொல்லவா?" என்றார். "தைக்கச் சொல்லு" என்றார் தச்சர், கீழே பார்த்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் மனைவி தங்கையின் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். "அந்தக் கூடையில ஒரு திருகுகட்டை வெச்சிருக்காரு பாருங்க, எவ்வளவு நேர்த்தி! உங்களுக்கு இதெல்லாம் தோணுதா?"

தச்சர் வாயைத் திறந்தார். எதிர் வண்டியின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சகலை அவரையே பார்த்தார்.

"அவரு கெட்டிக்காரர்" என்றார் தச்சர். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.